தாத்தாவின் லெபோ அம்பாங் கடைவீடு (கோலாலம்பூர்): குடும்பக் குழுவில் செய்திகள்

சித்தப்பா: அனைவருக்கும் வணக்கம். லெபோ அம்பாங் கடைவீட்டை வாடகைக்குக் கேட்பவர், கீழே உணவகமும் மேல்மாடியில் நள்ளிரவு தாண்டியும் மதுக்கூடமும் நடத்த விரும்புகிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் கேட்கிறார்.

ஈப்போ அத்தை: மேல்மாடியில் அப்பாவின் சாமியறை இருந்தது. எனக்குச் சம்மதமில்லை.

அண்ணன்: பூட்டிக் கிடந்தாலும் வீடு கெட்டுவிடும், அத்தை. சைனாடவுனில் குவாய் சாய் ஹோங் சந்து 2019-இல் புதுப்பிக்கப்பட்டுத் திறந்தபின், அந்தப் பக்கத்துப் பழைய கடைவீடுகளுக்கு இரவிலும் மக்கள் வருகிறார்கள்.

பெரியப்பா: என் கவலை வேறு. 1881-இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து அத்தாப்பு ஓலை வீடுகளை அழித்தபின், செங்கல்லும் ஓடும் கொண்டே கட்ட வேண்டும் என்று சிலாங்கூரின் பிரிட்டிஷ் ஆட்சிப் பிரதிநிதி சுவெட்டன்ஹாம் வற்புறுத்தினார். நம் வீடு அந்த மரபில் வந்தது. ஆற்றங்கரை ஈரம் சுவரில் ஏறினாலும், சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விடும், நடுமுற்றத்துக் காற்று உலர்த்திவிடும். குளிர்சாதனத்துக்காக முற்றத்தை மூடி, சுவருக்குச் சிமெண்டும் பூசினால், ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல் பொரிந்து உதிரும். மேல்தளமோ வெறும் பலகை. பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர் என்பதால், இரவு இசையின் அதிர்வு அவர்கள் உத்தரம் வரை போகும்.

அக்கா: அஞ்சடியில், அதாவது கடைமுன் நடைபாதையில், மேசை போடுவார்களா?

சித்தப்பா: பழுதுபார்க்கும் செலவை அவரே ஏற்கிறார். இத்தனை ஆண்டுகள் ஓடு மாற்றப் பணம் போட்டவன் நான் ஒருவன்தான்.

பெரியப்பா: பழைய வீடுகளுக்கான வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-இன் தொடக்கத்தில் நீங்கியவுடன் வாடகையை உயர்த்தித் தையல்காரரை வெளியேற்றியவனும் நீதான், தம்பி.

சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

ஈப்போ அத்தை: அண்ணா, அந்தப் பேச்சு இப்போது வேண்டாம். 1971 வெள்ளத்தில் நம்மையும் தையல்காரரின் பிள்ளைகளையும் அந்த மேல்மாடிதான் காப்பாற்றியது.

அண்ணன்: முற்றத்தை மூடக்கூடாது, சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டக்கூடாது, மேல்மாடியில் இசை கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடலாம்.

அக்கா: மதுக்கூடத்தைக் கீழே வைத்துக்கொள்ளச் சொல்லலாமே.

ஈப்போ அத்தை: கீழே என்றால் யோசிக்கிறேன். சம்மதித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சித்தப்பா: அப்படியானால் பெரியண்ணா, ஞாயிறன்று நீங்களும் வந்து அவரிடம் நேரில் சொல்லுங்கள்.

பெரியப்பா: வருகிறேன். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரையும் அழைத்து வருகிறேன்.

சித்தப்பா: அவருக்கு யார் கூலி கொடுப்பது?