மூன்று தெர்மாமீட்டர், மூன்று கணக்கு: மீன்தொட்டிக்கு எதை நம்புவது?

அல்சூர்வாசி

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் 60 லிட்டர் தொட்டி இருக்கிறது. நியான் டெட்ரா ஒரு கூட்டம், அடியில் மேய நாலு கோரி மீன்கள். டிசம்பர் வந்துவிட்டது, பெங்களூர் ராத்திரி 16 டிகிரிக்குப் போகிறது, 50 வாட் ஹீட்டரை 26-இல் திருகி வைத்திருக்கிறேன். ரப்பர் கப் வைத்து ஒட்டும் கண்ணாடி தெர்மாமீட்டர் 23 காட்டுகிறது. வயர் தொங்கும் டிஜிட்டல் 25.4 என்கிறது. வெளியே ஒட்டிய, சூட்டுக்கேற்ப நிறம் மாறும் பட்டையில் 22-க்கு நேரே பச்சை. எதை நம்ப? மூன்றையும் தூக்கிப் போட்டுவிட்டு நல்லதாக ஒன்று வாங்குவதென்றால் எந்த வகை? ஐநூறு ரூபாய் வரை பரவாயில்லை.

கண்ணாடிக்குழாய், ஃப்ரேசர் டவுன்

கண்ணாடியை நம்புங்கள் தம்பி, மற்ற இரண்டையும் கழற்றுங்கள். சூடானால் சாராயம் விரியும், ஆறினால் சுருங்கும். அதில் பேட்டரி இல்லை, சர்க்யூட் இல்லை, ஈரம் புகுந்து கெட ஒன்றுமில்லை. உங்கள் டிஜிட்டல் காட்டும் அந்த ".4" வெறும் அலங்காரம். பத்தில் ஒரு பங்கு வரை எழுதிக் காட்டுவது வேறு, அந்த அளவுக்குச் சரியாக அளப்பது வேறு. மலிவு டிஜிட்டல்களின் அட்டையிலேயே ஒரு டிகிரி முன்பின் இருக்கும் என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். யாரும் படிப்பதில்லை.

பட்டையைப் பற்றிப் பேசவே வேண்டாம். அது அளப்பது தண்ணீரை அல்ல, கண்ணாடிச் சுவரின் வெளிப்பக்கத்தை. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் குளிர்ந்த அறைக்காற்று, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு எண். குளிர்காலத்தில் எப்போதும் குறைத்துத்தான் காட்டும்.

எஸ்பிரோடு வயர்மேன்

பட்டை விஷயத்தில் அண்ணன் சொல்வது சரி. கண்ணாடிக்குக் கொடுத்த சான்றிதழ்தான் ரொம்ப அதிகம். கடையில் தொங்கும் அந்தக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எண்கள் கண்ணாடியில் பொறித்தவை அல்ல. வெளிக்குழாய்க்குள் சுருட்டிச் செருகிய காகிதத்தில் அச்சடித்தவை. பசை விட்டால் காகிதம் நழுவும், அதோடு அளவும் நழுவும். ஒரே கொக்கியில் தொங்கும் ஆறு குழாய்களும் ஆளுக்கொரு எண் காட்டுவதைக் கடைக்குப் போனால் யாரும் பார்க்கலாம். போதாததற்குச் சிவப்புக் கோடு நடுவில் துண்டாகிப் போவதும் உண்டு. பார்வையைக் கொஞ்சம் மேலே கீழே நகர்த்தினாலே ஒரு டிகிரி மாறும்.

எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் டிஎஸ்18பி20 என்ற வெப்ப சென்சார் கேளுங்கள். ஸ்டீல் குப்பிக்குள் போட்டு, வயரோடு, நீர் புகாத வகையாகவே கிடைக்கும். மைனஸ் 10 முதல் 85 டிகிரி வரை அரை டிகிரிக்குள் சரியாக இருக்கும் என்பது தயாரிப்பாளர் தரும் உறுதி. சின்ன வைஃபை போர்டு ஒன்றோடு சேர்த்தால் ஃபோனிலேயே பார்க்கலாம், அலாரமும் வைக்கலாம். மீனைக் கொல்வது ஒரு டிகிரி பிசகு அல்ல. ராத்திரி இரண்டு மணிக்கு ஹீட்டரின் தெர்மோஸ்டாட், அதாவது சூடு போதுமானதும் அணைக்கும் சுவிட்ச், ஒட்டிக்கொண்டு அணையாமல் கொதிக்க வைப்பதுதான். சுவரில் ஒட்டிய குழாய் அப்போது உங்களை எழுப்புமா?

கண்ணாடிக்குழாய், ஃப்ரேசர் டவுன்

அரை டிகிரி உறுதி அசல் சில்லுக்குத்தானே? சந்தையில் போலி எத்தனை என்று உங்களுக்குத் தெரியாததா? மேலே அதே எழுத்து அச்சடித்திருக்கும், உள்ளே வேறு ஏதோ இருக்கும். அந்த ஸ்டீல் குப்பியின் வாயை அடைப்பது சூட்டில் சுருங்கும் ஒரு பிளாஸ்டிக் குழாயும் கொஞ்சம் பசையும்தான். மாசக்கணக்கில் நீரில் முங்கிக் கிடந்தால் ஈரம் ஏறும், எண் ஆடத் தொடங்கும். அப்புறம், கரண்ட் போனால் உங்கள் போர்டும் போகும். கேள்வி கேட்டவர் டெட்ரா வளர்க்கிறார் ஐயா, ராக்கெட் விடவில்லை.

டிஸ்கஸ் அக்கா, ஜெயநகர்

நீங்கள் இருவரும் வகையைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். தம்பியிடம் மூன்று கருவி இருக்கிறது, ஒன்றையும் சோதிக்கவில்லை. கண்ணாடியோ டிஜிட்டலோ, சோதித்துப் பார்க்காதவரை இரண்டுக்கும் ஒரே மதிப்புதான். புதிதாக ஒன்று வாங்கினால் மூன்று கணக்கு நாலு கணக்காகும், அவ்வளவே.

தம்பி, இதைச் செய்யுங்கள். ஃபிரிட்ஜில் இருந்து ஐஸ் எடுத்து நன்றாகப் பொடித்து, ஒரு பெரிய டம்ளரில் விளிம்பு வரை நிரப்புங்கள். இடுக்குகள் மூடும் அளவுக்குக் குளிர்ந்த நீர் ஊற்றிக் கலக்குங்கள். நீர் ஊற்றாமல் வெறும் ஐஸில் வைக்கக்கூடாது, ஃபிரீசரில் இருந்து வரும் ஐஸ் பூஜ்யத்துக்கு வெகு கீழே இருக்கும். ஐஸும் நீரும் சேர்ந்து உருகிக்கொண்டிருக்கும்போதுதான் அது பூஜ்யம் டிகிரி. கருவியின் முனை டம்ளர் அடியைத் தொடாமல் நடுவில் நிற்கட்டும், அவ்வப்போது கலக்கிவிட்டு எண் அசையாமல் நிற்கும் வரை காத்திருங்கள். அப்போது எவ்வளவு காட்டுகிறதோ அதுதான் பிசகு. பட்டைக்கு இந்தச் சோதனை பயன்படாது, அதன் எண்களே 18, 20 என்றுதான் தொடங்கும்.

யாராவது கொதிநீரில் 100 பார்க்கச் சொன்னால் கேட்காதீர்கள். பெங்களூர் கடல் மட்டத்தில் இருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது, இங்கே நீர் 97-ஐ ஒட்டியே கொதித்துவிடும். 100 காட்டவில்லை என்று நல்ல கருவியைக் குப்பையில் போடுவீர்கள். தொட்டிக் கருவிகள் பலவற்றில் அளவே 50 வரைதான், கொதிநீரில் வைத்தால் கண்ணாடி தெறித்துவிடும்.

இரண்டாவது புள்ளிக்கு வீட்டில் இருக்கும் காய்ச்சல் டிஜிட்டலை எடுங்கள். காய்ச்சல் பார்க்கும் எல்லைக்குள், அதாவது 37 டிகிரியை ஒட்டி, பத்தில் ஒன்று இரண்டுக்கு மேல் அது பிசகக்கூடாது. ஒரு பாத்திரத்தில் 37, 38 டிகிரி வெந்நீர் வைத்து இரண்டையும் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளும் பழைய வகையே நல்லது. பத்து நொடியில் முடிவு சொல்லும் வகை உடம்புச் சூட்டை முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வது, நீரில் ஏமாற்றும். பூஜ்யத்தில் எவ்வளவு, 37-இல் எவ்வளவு என்று தெரிந்தால் நடுவில் 25-க்கு எவ்வளவு என்று நீங்களே ஊகிக்கலாம். செலவு கிடையாது.

போர்வெல் பாபு, ஒயிட்ஃபீல்டு

அக்கா, எங்கள் அபார்ட்மெண்டில் போர்வெல் தண்ணீர், உப்பு அதிகம். உப்பு நீர் பூஜ்யத்துக்குக் கீழே உறையுமே? அப்போது சோதனையே தப்பாகாதா?

டிஸ்கஸ் அக்கா, ஜெயநகர்

ஆகும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு லிட்டரில் ஒரு கிராம் சமையல் உப்பு கரைந்திருந்தால்கூட உறைநிலை இறங்குவது 0.06 டிகிரிதான். குடிநீர் கேனில் இருந்து ஐஸ் வைத்தால் அந்தக் கவலையும் விட்டது.

ரிட்டயர்டு மாமா

எனக்கு இந்தக் கூத்து புரியவில்லை. எங்கள் காலத்தில் தொட்டியில் கை வைத்துப் பார்ப்போம், ஜில்லென்றால் ஹீட்டர் போடுவோம். மீன் துடிப்பாக மேய்ந்தால் தண்ணீர் சரி. கோல்டு ஃபிஷ்ஷுக்கு யார் ஐஸ் சோதனை செய்தார்கள்?

டிஸ்கஸ் அக்கா, ஜெயநகர்

கோல்டு ஃபிஷ்ஷுக்கு வேண்டாம் மாமா, அது குளிர் நீர் மீன், ஹீட்டரே தேவையில்லை. நான் வளர்க்கும் டிஸ்கஸ் மீனுக்கு 28-இல் இருந்து 30 வேண்டும். கைத்தோலே முப்பது டிகிரிக்கு மேல் இருக்கும், அதற்கு 24-ம் ஜில், 27-ம் ஜில். மீன் சுணங்கி நிற்பதைப் பார்த்துக் குளிரைக் கண்டுபிடிக்கும்போது பாதி நேரம் வெள்ளைப்புள்ளி நோய் உடம்பில் ஏறியிருக்கும். திடீரென்று சூடு இறங்குவதுதான் அதற்கு வாசல் திறந்துவிடுகிறது.

ரிட்டயர்டு மாமா

திடீரென்று இறங்குவது என்று நீயே சொல்கிறாய். அப்படியானால் 25-ஆ 26-ஆ என்பதைவிட, நேற்றைக்கும் இன்றைக்கும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதுதானே முக்கியம்? அதற்கு அந்தப் பட்டையே போதும்.

எஸ்பிரோடு வயர்மேன்

மாமாவின் பாயிண்ட் எனக்குத்தான் சாதகம். ஏற்ற இறக்கம் பார்க்க வேண்டுமானால் 24 மணி நேரமும் பதிவு செய்யும் சென்சார் வேண்டும். காலையில் காபி டம்ளரோடு ஒரு தடவை பட்டையைப் பார்த்தால் ராத்திரி நடந்தது தெரியாது. அறை ஆறினாலே பட்டையும் இறங்கிவிடும், தண்ணீர் இறங்கியதா காற்று இறங்கியதா என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

கோடையையும் மறக்காதீர்கள். 2016 ஏப்ரலில் இந்த ஊர் 39.2 டிகிரியைத் தொட்டது. கடல் மட்டத்தில் 20 டிகிரி நீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். இந்த உயரத்தில் அதிலும் பத்தில் ஒரு பங்கு குறைவு. அன்றைக்கு இரண்டு டிகிரி குறைத்துக் காட்டும் கருவியை நம்பி ஏர் பம்ப்பை அணைத்து வைத்திருந்தால் என்ன ஆகும்?

போர்வெல் பாபு, ஒயிட்ஃபீல்டு

கொரோனா சமயத்தில் வாங்கிய காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கி சும்மா கிடக்கிறது. தொட்டியைப் பார்த்துச் சுட்டால் வராதா?

கண்ணாடிக்குழாய், ஃப்ரேசர் டவுன்

வராது தம்பி. நெற்றிக்குச் செய்தது, 32-க்குக் கீழே போனால் பெரும்பாலும் எண்ணே காட்டாது. தோலின் சூட்டை அளந்து உடம்புச் சூடாகத் திருத்திச் சொல்வது அதன் வேலை. தொழிற்சாலை வகைத் துப்பாக்கி என்றாலும் கண்ணாடி வழியாகச் சுட்டால் கண்ணாடியின் சூடுதான் வரும். மூடியைத் திறந்து மேலே இருந்து பார்த்தால் நீரின் மேல் தோல் மட்டும் தெரியும், ஆவியாகிக்கொண்டிருப்பதால் அது உள்நீரைவிடச் சற்றுக் குளிர்ந்தே இருக்கும்.

அல்சூர்வாசி

அக்கா சொன்னபடியே செய்தேன். ஐஸில் டிஜிட்டல் 1.9 காட்டியது. கண்ணாடியின் சிவப்புக் கோடு பூஜ்யத்துக்கு அரைக் கோடு கீழே நின்றது. வெந்நீரில் காய்ச்சல் மீட்டர் 37.2, டிஜிட்டல் 38.8, கண்ணாடி 36.5-ஐத் தாண்டி லேசாக. கணக்குப் போட்டால் டிஜிட்டலில் 1.7 கழிக்க வேண்டும், கண்ணாடியில் அரை கூட்ட வேண்டும். இரண்டுமே தொட்டி நீர் 23.5, 23.7 என்கின்றன.

கண்ணாடிக்குழாய், ஃப்ரேசர் டவுன்

அரை டிகிரி எங்கே, ஒன்றே முக்கால் எங்கே! மேற்கொண்டு நான் பேசவில்லை.

எஸ்பிரோடு வயர்மேன்

ஒரு குழாயை வைத்து எல்லாக் குழாய்க்கும் தீர்ப்பா? பக்கத்துக் கொக்கியில் தொங்கியதை வாங்கியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

டிஸ்கஸ் அக்கா, ஜெயநகர்

பிசகு எவ்வளவு என்று தெரிந்த டிஜிட்டலும் நல்ல டிஜிட்டல்தான். "1.7 கழி" என்று ஒரு டேப்பில் எழுதி அதன் முதுகில் ஒட்டுங்கள். பட்டன் செல் மாற்றும்போதும் மழைக்காலம் முடிந்த பிறகும் ஐஸில் ஒரு தடவை பாருங்கள். பிசகு மாறிக்கொண்டே போனால் அன்றைக்குத் தூக்கிப் போடலாம். தொட்டியில் ஹீட்டருக்கு எதிர்மூலையில், பாதி ஆழத்தில், ஃபில்டர் நீரோட்டம் படும் இடத்தில் வையுங்கள். ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் எந்தக் கருவியும் பொய் சொல்லும்.

ஆனால் தம்பி, இன்னொன்று யாரும் கவனிக்கவில்லையே. ஹீட்டர் 26-இல், தண்ணீர் 23.6. ஹீட்டரின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறதா, இல்லை அணைந்து அணைந்து எரிகிறதா?

அல்சூர்வாசி

எரிந்துகொண்டே இருக்கிறது அக்கா. அறை 18 டிகிரி.

டிஸ்கஸ் அக்கா, ஜெயநகர்

அப்படியானால் தெர்மோஸ்டாட்டைக் குறை சொல்ல முடியாது, வாட் போதவில்லை. 60 லிட்டரை 18 டிகிரி அறையில் எட்டு டிகிரி ஏற்ற 50 வாட்டால் ஆகாது. நியானுக்கு 21-இல் இருந்து 26 வரை ஒத்துப்போகும், கோரியும் இந்தக் குளிருக்கு அஞ்சாது, அதனால் பதறாதீர்கள். மூடி இல்லையென்றால் முதலில் மூடி போடுங்கள், பாதிச் சூடு மேலே ஆவியோடுதான் போகிறது. அதற்கும் ஏறவில்லை என்றால் 100 வாட்.

எஸ்பிரோடு வயர்மேன்

100 வாட் போட்டால் ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் இரட்டிப்பு. தனியாக ஒரு எஸ்டிசி-1000 கன்ட்ரோலர், அதாவது சொந்த சென்சாரால் சூட்டைப் பார்த்து ஹீட்டரைப் போட்டு அணைக்கும் கருவி, வைத்து ஹீட்டரை அதன் வழியாக ஓட்டுங்கள். ஹீட்டரை 28-இல் திருகிவிட்டுக் கன்ட்ரோலரில் 25 வையுங்கள், ஒன்று ஒட்டினால் மற்றது அணைக்கும். அதுவும் ஒரு டிகிரி முன்பின்தான், ஆனால் எஃப்4 என்ற அமைப்பில் பிசகைத் திருத்திக்கொள்ளலாம். அக்காவின் ஐஸ் டம்ளர் அங்கேயும் உதவும்.

கண்ணாடிக்குழாய், ஃப்ரேசர் டவுன்

அதன் முதுகில் 230 வோல்ட் திருகுகள் திறந்தே இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மூடிய பெட்டிக்குள் போட்டு, தொட்டி மட்டத்துக்கு மேலே சுவரில் மாட்டச் சொல்லுங்கள். வயர் பிளக்குக்குப் போகுமுன் கீழே ஒரு வளைவு தொங்கட்டும், நீர் வழிந்தால் அங்கேயே சொட்டிவிடும்.

அல்சூர்வாசி

மூடி இல்லை, இந்த ஞாயிறு கண்ணாடி வெட்டிப் போடுகிறேன். வயர்மேன் அண்ணா, எஃப்4-இல் 1.7 கழிக்க மைனஸ் போட்டு வைக்க வேண்டுமா?

எஸ்பிரோடு வயர்மேன்

அந்த 1.7 உங்கள் பழைய டிஜிட்டலின் பிசகு. கன்ட்ரோலருக்குத் தனி சென்சார், தனி ஐஸ். அதில் எவ்வளவு கூடுதலாக வருகிறதோ அதை மைனஸில் வையுங்கள்.