'ரூப்ரிக்' – தமிழில் என்ன சொல்வது? திங்கட்கிழமைக்குள் வேண்டும்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

அன்பு நண்பர்களே, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில் உள்ள தமிழ்வழிப் பள்ளிகளுக்கான ஆசிரியர் கையேட்டில் மதிப்பீட்டுப் பகுதியை மொழிபெயர்க்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. 'ரூப்ரிக்' என்ற சொல்லோடு மல்லாடிக்கொண்டிருக்கிறேன். மலையாள வரைவில் அப்படியே எழுத்துப்பெயர்த்துவிட்டார்கள்.

பொருளைச் சொல்கிறேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வினாத்தாள் கொடுக்காமல் வாய்க்கால் கரைக்கு அனுப்பினேன். பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. ஆழியாற்றுத் தண்ணீர் தமிழ்நாட்டிலிருந்து மணக்கடவு தடுப்பணை வழியாக நமக்கு வர வேண்டும். அது கடைமடை வரை எப்படிப் போகிறது என்று விவசாயிகளிடம் கேட்டு, வரைபடம் வரைந்து, வகுப்பில் வந்து பேச வேண்டும். இதற்கு எப்படி மதிப்பெண் போடுவது? கேள்வி கேட்ட விதம், வரைபடத்தின் துல்லியம், சொன்ன காரணம் என்று இடப்பக்கம் எழுதிக்கொள்கிறோம். ஒவ்வொன்றுக்கும் நேராக நான்கு கட்டங்கள். எப்படிச் செய்தால் எந்த நிலை என்று அவற்றில் விளக்கம். வேலை தொடங்கும் முன்பே அந்தத் தாள் பிள்ளைகள் கையில் இருக்கும். அதற்குத்தான் பெயர் கேட்கிறேன்.

செங்கோட்டையிலிருந்து:

இலத்தீனில் 'ரூப்ரிக்கா' என்பது செங்காவி. பழைய சுவடிகளில் தலைப்புகளைச் சிவப்பு மையில் எழுதியதால் வந்த பெயர். தமிழில் 'செம்மை' என்ற சொல் சிவப்பு நிறத்தையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். செங்கோல் என்பது சிவந்த கோல் அன்று, வளையாத கோல். எனவே 'செந்நெறி' என்கிறேன்.

நகரியிலிருந்து:

ஐயா, பள்ளிப் பிள்ளைக்குச் சிவப்பு மை என்றால் தப்பு என்று பொருள். மதிப்பீட்டுக்கு எங்கள் பக்கம் தெலுங்கில் மூல்யாங்கனம், உங்கள் பக்கம் மலையாளத்தில் மூல்யநிர்ணயம். இரண்டிலும் இருக்கும் 'மூல்யம்' என்பது விலை. நமக்குக் குறளே வழிகாட்டுகிறது: 'பெருமைக்கும் ஏனைச் சிறுமைக்கும் தத்தம் கருமமே கட்டளைக் கல்.' செய்த வேலையே உரைகல். 'கட்டளைக்கல்' என்று வைக்கலாம்.

செங்கோட்டையிலிருந்து:

கட்டளை என்றால் இன்று ஆணை என்றுதான் படிப்பார்கள். ஆனாலும் வேர் நல்ல வேர். கட்டளைக் கலித்துறை என்ற பாவகையில், ஒற்று நீக்கி எண்ணினால், அடி நேரசையில் தொடங்கினால் 16 எழுத்து, நிரையில் தொடங்கினால் 17. அங்கே கட்டளை என்பது அளவு. செங்கல் அறுக்கும் அச்சுக்கும் அதே பெயர்.

தேவிகுளத்திலிருந்து:

அச்சா? ஒரே அச்சில் எல்லோரையும் வார்க்கக் கூடாது என்பதற்காகத்தானே இந்தத் தாளே வந்தது? எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், ஆங்கிலம் என்று மூன்று மொழிகளைச் சுமக்கிறார்கள். பஸ், டிக்கெட் போல ரூப்ரிக்கும் இருக்கட்டும். கட்டங்களுக்குள் எழுதும் வாக்கியங்கள் அவர்களுக்குப் புரிகிற தமிழாக இருக்க வேண்டும். உழைப்பை அங்கே போடுங்கள்.

மீனாட்சிபுரத்திலிருந்து:

நன்னூலாரிடமே இது இருக்கிறது. அன்னமும் ஆவும் தலைமாணாக்கர். மண்ணும் கிளியும் இடை. இல்லிக்குடம் (ஓட்டைக் குடம்), ஆடு, எருமை, நெய்யரி (நெய் வடிகட்டி) கடை. மூன்று நிலை, ஒவ்வொன்றுக்கும் விளக்கம். முதலில் பெயர்களை வரிசையாக அடுக்கிப் பிறகு அதே வரிசையில் பொருத்தும் அமைப்பு நிரல்நிறை. அதிலிருந்து 'படிநிரல்' என்று ஆக்கலாமே.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

ஐயா, இதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நன்னூல் ஆளைத் தரம் பிரிக்கிறது; இந்தத் தாள் வேலையைத் தரம் பிரிக்கிறது. என் வகுப்பில் ஒரு பெண் வரைபடத்தில் முதல் கட்டத்தில் இருந்தாள்; மதகில் தண்ணீர் ஏன் குறைகிறது என்று விளக்கியபோது நான்காம் கட்டத்தில் இருந்தாள். அவளை அன்னம் என்பதா, எருமை என்பதா? நெய்யரி என்று ஒரு முறை சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளை நாளைக்கு எதில் ஏறும்? தாளைப் பார்த்துவிட்டு அவள் கேட்டது இதுதான்: "டீச்சர், வரைபடத்துல அடுத்த படிக்குப் போக என்ன செய்யணும்?" ஏறுவதும் படி, நெல் அளப்பதும் படி, பாடம் படிப்பதும் படி. 'மதிப்பீட்டுப்படி' என்று வைத்தால் என்ன?

நகரியிலிருந்து:

'மதிப்பீட்டின்படி' என்று வாசித்துவிடுவார்கள். பயணப்படி, பஞ்சப்படி வேறு இருக்கின்றன. 'படிநிலை அட்டவணை' என்றால் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். படிநிரல் வேண்டாம், நிரல் இப்போது கணினிக்குப் போய்விட்டது.

தேவிகுளத்திலிருந்து:

படிநிலை அட்டவணைக்கு என் சம்மதம்.

மீனாட்சிபுரத்திலிருந்து:

எனக்கும் சம்மதம். நேரமில்லை.

செங்கோட்டையிலிருந்து:

அட்டவணை மராத்தி வழி வந்த சொல். தமிழ்நாட்டில் 2012-இல் முப்பருவ முறை வந்தபோது பாடம் நடக்கும்போதே அளப்பதற்கு 'வளரறி மதிப்பீடு', பருவ முடிவில் அளப்பதற்குத் 'தொகுத்தறி மதிப்பீடு' என்று வினைத்தொகையாகவே ஆக்கினார்கள். அன்று நெருடிய அந்தச் சொற்களை இன்று ஆசிரியர்கள் இயல்பாகச் சொல்கிறார்கள். பழகாத சொல் என்பதற்காகப் படிநிரலைத் தள்ளுவது எனக்கு உடன்பாடில்லை.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

ஐயா, மறுப்பைக் குறித்துக்கொண்டேன். கையேட்டில் 'படிநிலை அட்டவணை' என்றே போகிறது. முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் ரூப்ரிக் என்று சேர்த்திருக்கிறேன்.

செங்கோட்டையிலிருந்து:

மறுபதிப்பு வரும்போது தெரிவியுங்கள் அம்மா. அதுவரை என் வகுப்பில் படிநிரல் என்றே சொல்லப் போகிறேன். அந்தப் பெண்ணின் வாய்க்கால் வரைபடத்தை முடிந்தால் அனுப்பிவையுங்கள்.