57 புள்ளி எடுத்த ரிவர் பிளேட் இரண்டாம் டிவிஷனுக்குப் போனது எப்படி? (அர்ஜென்டினா லீக், 2010-11)

கேள்வி: பக்கக்கோடு

2018 டிசம்பரில் மாட்ரிட்டில் நடந்த லிபர்டடோரஸ் (தென் அமெரிக்க கிளப் கோப்பை) இறுதியில் பரம எதிரியான போகாவை ரிவர் 3-1 என்று வென்றதே, அதிலிருந்துதான் நான் அர்ஜென்டினா கால்பந்துக்குள் வந்தேன். அப்புறம் பழைய பருவங்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் படித்து வருகிறேன். 2010-11க்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டேன்.

அந்தப் பருவத்தில் ரிவர் 38 ஆட்டங்களில் 57 புள்ளி எடுத்திருக்கிறது. முதல் பாதியில் நான்காம் இடம், இரண்டாம் பாதியில் பட்டியலின் நடுப்பகுதி. எந்த லீக்கிலும் இப்படி ஆடிய அணி நிம்மதியாக அடுத்த பருவத்துக்குத் தயாராகும். இங்கே 1901இல் தொடங்கிய கிளப், 110 ஆண்டுகளில் முதல்முறையாகக் கீழே இறங்கியிருக்கிறது. "மூன்று ஆண்டு சராசரி" என்று ஒரு வரியில் எல்லோரும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எந்த மூன்று ஆண்டு, யார் யாருக்கு எப்படி வகுத்தார்கள், பருவம் முடிந்ததும் பெல்கிரானோவோடு அந்த இரண்டு ஆட்டங்கள் எதற்கு என்று யாராவது பொறுமையாகச் சொல்ல முடியுமா?

பதில் 1: கணக்கேடு

சொல்கிறேன் நண்பரே. இந்தப் பருவத்தின் புள்ளிப் பட்டியலை நான் பலமுறை கையால் போட்டுப் பார்த்திருக்கிறேன். அந்த எண்களில் ஒரு கிளப்பின் மூன்று ஆண்டு நிர்வாகம் முழுக்க இருக்கிறது.

முதலில் அமைப்பு. அப்போது 20 அணிகள். ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை அபெர்துரா, 19 ஆட்டங்கள். பிப்ரவரி முதல் ஜூன் வரை கிளவுசுரா, இன்னொரு 19. ஒவ்வொன்றுக்கும் தனிச் சாம்பியன். ஆனால் கீழே இறங்குவது யார் என்பதற்கு இந்த இரண்டு பட்டியலுமே பொருட்டில்லை. கடைசி மூன்று பருவங்களில் எடுத்த மொத்தப் புள்ளிகளை, ஆடிய ஆட்டங்களால் வகுப்பார்கள். அந்தச் சராசரியில் கடைசி இரண்டு அணிகள் நேராக இரண்டாம் டிவிஷனுக்கு. அவற்றுக்கு மேலே உள்ள இரண்டு அணிகள், கீழ் டிவிஷனில் மூன்றாவதாகவும் நான்காவதாகவும் வந்தவர்களோடு தலா இரண்டு ஆட்டங்கள் ஆட வேண்டும். அதைத்தான் ப்ரொமோசியோன் என்பார்கள்.

இப்போது ரிவரின் எண்கள்: 2008-09இல் 41, 2009-10இல் 43, 2010-11இல் 57. மொத்தம் 114 ஆட்டங்களில் 141 புள்ளி, சராசரி 1.237. அதனால் 17ஆம் இடம்.

பார்த்தீர்களா? ரிவரைக் கீழே தள்ளிய பருவம் என்று எல்லோரும் பேசும் பருவம்தான் அந்த மூன்றில் மிகச் சிறந்தது. பழைய கடன் கழுத்தை நெரிக்கும்போது இந்த மாதச் சம்பளம் கொஞ்சம் கூடியதால் என்ன ஆகிவிடும்? அதுதான் நிலைமை. 2010 ஆகஸ்டில் முதல் பந்து உதைபடும் முன்பே 76 ஆட்டங்களில் வெறும் 84 புள்ளி என்ற சுமை தோளில் இருந்தது.

என்னை இன்றும் வருத்துவது இன்னொரு விஷயம். 2008 கிளவுசுராவின் சாம்பியன் ரிவர். பயிற்சியாளர் தியேகோ சிமியோனே. அடுத்து வந்த அபெர்துராவில் அதே ரிவர் 20 அணிகளில் 20ஆவது, 19 ஆட்டங்களில் 14 புள்ளி. சிமியோனே நவம்பரிலேயே விலகிவிட்டார். இந்த இரண்டு தொடருக்கும் நடுவே சில வாரங்கள்தான் இடைவெளி. ஆனால் மூன்று ஆண்டுக் கணக்கின் எல்லைக்கோடு சரியாக அந்த இடைவெளியில் விழுந்தது. பட்டம் வென்ற புள்ளிகள் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டன, கடைசி இடம் இந்தப் பக்கம் தங்கிவிட்டது. 2011 ஜூனில் நடந்ததில் பெரும் பங்கு 2008இன் பின்பாதியிலேயே எழுதப்பட்டுவிட்டது என்று நான் சொல்வது இதனால்தான்.

அந்தப் பள்ளத்திலிருந்து ஏற நிதானம் வேண்டும். நடந்தது வேறு. மூன்று ஆண்டுகளில், இடைக்காலப் பொறுப்பில் இருந்தவரையும் சேர்த்து, ஆறு பயிற்சியாளர்கள்: சிமியோனே, ரோட்ரிகஸ், கொரோசிட்டோ, அஸ்த்ராதா, ஆங்கெல் கப்பா, கடைசியாக ஹுவான் ஹோசே லோபெஸ். கிளப் தேர்தலில் 2009 டிசம்பரில் டேனியல் பசரெல்லா 6 வாக்கு வித்தியாசத்தில் தலைவரானார். 1978 உலகக் கோப்பையைத் தூக்கிய கேப்டன் அவர். கோப்பை தூக்கிய கைகள் வேறு, கிளப் நடத்தும் கைகள் வேறு என்பது என் உறுதியான கருத்து.

புதிதாக மேலே வந்த அணிகளுக்கு வகுத்தல் மாறும். 2010இல் ஏறிய ஒலிம்போ, ஆல் பாய்ஸ், கில்மெஸ் மூன்றுக்கும் அந்த ஒரு பருவத்தின் 38 ஆட்டங்கள் மட்டுமே கணக்கு. ஒரு வெற்றியின் 3 புள்ளி அவர்களுடைய சராசரியை 0.079 உயர்த்தும், ரிவருக்கு அதே வெற்றி 0.026தான் தரும். நன்றாக ஆடினால் இவர்கள் மடமடவென்று மேலே போகலாம். சறுக்கினால் பிடித்து நிறுத்தப் பழைய புள்ளி எதுவும் கிடையாது. ஒலிம்போவும் ஆல் பாய்ஸும் தப்பித்தன, கில்மெஸ் நேராக இறங்கியது.

ரிவர் அந்தக் கிளவுசுராவை நன்றாகவே தொடங்கியது. கடைசி வாரங்களில்தான் வெற்றி வற்றிப்போனது. மே மாதம் போகாவிடம் 2-0 தோல்வி. அதுதான் போகா வீரர் மார்ட்டின் பலெர்மோவின் கடைசி சூப்பர்கிளாசிகோ (ரிவர்-போகா ஆட்டம்), அதிலும் அவர் கோல் அடித்தார். கடைசி நாளில் சொந்த மைதானத்தில் லனூஸிடம் 2-1 தோல்வி. அதோடு ப்ரொமோசியோன் உறுதியானது.

பதில் 2: கோர்டோபா நீலம்

கணக்கு அருமை. ஆனால் இந்தக் கதையை யார் சொன்னாலும், ப்ரொமோசியோனில் ரிவரோடு மோதிய பெல்கிரானோ ஏதோ வழியில் நின்ற ஆள் மாதிரி ஆகிவிடுகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. கணக்கு ரிவரை ப்ரொமோசியோன் வரைதான் கொண்டுவந்து விட்டது. அதன் பிறகு 180 நிமிடங்கள் இருந்தன. அவற்றை வென்றது ஒரு நல்ல கால்பந்து அணி.

பெல்கிரானோ கோர்டோபா நகரத்து கிளப். 2009இல் இதே ப்ரொமோசியோன் வரை வந்து ரொசாரியோ சென்ட்ரலிடம் தோற்றுத் திரும்பியவர்கள். 2011இல் இரண்டாம் டிவிஷனில் நான்காம் இடம், பயிற்சியாளர் ரிக்கார்டோ ஸியெலின்ஸ்கி. அலங்காரம் இல்லாத, வரிசை குலையாத அணி. எதிரணி எங்கே பதறுகிறது என்று பார்த்துக் காத்திருக்கத் தெரிந்தவர்கள்.

ஜூன் 22, பெல்கிரானோவின் ஆல்பெர்தி மைதானம். பெல்கிரானோவுக்கு மன்சனெல்லி பெனால்டியில் ஒன்று, இடைவேளை முடிந்து வந்த கையோடு பெரேய்ரா இன்னொன்று. 2-0. ரிவர் ரசிகர்கள் சிலர் வேலி தாண்டி உள்ளே புகுந்து தங்கள் வீரர்களையே தள்ளினார்கள், ஆட்டம் நின்றது. அந்த நேரத்தில் ரிவர் வீரர்களின் முகங்களைப் பாருங்கள். இரண்டாவது ஆட்டம் பாதி அங்கேயே முடிந்துவிட்டது.

ஜூன் 26, ரிவரின் மொனுமென்டல் மைதானம். மொத்தக் கோல் சமமானால் மேல் டிவிஷன் அணியே தங்கும் என்பது விதி. அதாவது ரிவருக்கு 2-0 போதும். ஆறாவது நிமிடத்திற்குள் மரியானோ பவோனே அடித்துவிட்டார். இன்னும் ஒரே ஒரு கோல், கையில் 80 நிமிடத்துக்கு மேல்! அந்த நேரத்தில் மைதானமே கத்துகிறது, எதிரே நிற்பது இரண்டாம் டிவிஷன் அணி. எத்தனை அணிகள் அதைத் தாங்கும்? பெல்கிரானோ தாங்கியது. 61ஆவது நிமிடத்தில் ரிவர் தடுப்பாட்டக்காரர்கள் பந்தை வெளியே அடிக்க முடியாமல் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொள்ள, குயிய்யெர்மோ ஃபர்ரே வந்து அடித்தார். 1-1. சிறிது நேரத்தில் ரிவருக்கு ஒரு பெனால்டி. பவோனே உதைத்தார், பெல்கிரானோ கோல்காப்பாளர் ஒலாவே பிடித்தார். ஆட்டம் 90 நிமிடத்தை எட்டவே இல்லை. ரசிகர்கள் பொருட்களை எறியத் தொடங்க, நடுவர் பெஸ்ஸோட்டா 89ஆவது நிமிடத்தோடு நிறுத்திவிட்டார்.

சராசரி விதியை எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள். ஒலாவே அந்தப் பெனால்டியைப் பிடித்ததையும் சேர்த்துப் பேசுங்கள்.

பக்கக்கோடு

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. 2-0 போதும் என்ற விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. இனி அந்த முதல் கோலை வேறு மாதிரிதான் பார்ப்பேன். ஒரு கேள்வி பாக்கி. பெரிய கிளப்களைக் காப்பாற்றத்தான் இந்தச் சராசரி முறையே வந்தது என்று படித்தேன். அது ரிவரையே கவிழ்த்தது என்றால் என்ன அர்த்தம்? இந்த விதி இன்னும் இருக்கிறதா?

பதில் 3: கணக்கேடு

முதலில் பெல்கிரானோ பற்றி: கோர்டோபா நீலம் சொல்வது முழு நியாயம். எண்கள் ரிவரை வாசல் வரைதான் தள்ளின.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1981இல் சான் லொரென்சோ இறங்கியது. 1983இல் சராசரி முறை நடைமுறைக்கு வந்தது. பெரிய கிளப்புக்கு ஒரு மோசமான ஆண்டு வந்தால் தாங்கிக்கொள்ள ஏற்பாடு என்று அப்போதிருந்தே சொல்லப்படுகிறது. முதல் ஆண்டிலேயே அது வேலை செய்தது. 1983 மெட்ரோபொலிடானோவில் (அப்போதைய லீக் தொடர்) 19 அணிகளில் ரிவர் 18ஆவது. பழைய முறை இருந்திருந்தால் ரிவர் அன்றே போயிருக்கும். சராசரி காப்பாற்றியது. பதிலாக நுவேவா சிகாகோவும் ராசிங்கும் இறங்கின. ராசிங் சின்ன கிளப் இல்லை, 1967இல் உலக கிளப் பட்டம் வென்றவர்கள். கடைசி நாளில் அவெயானெடா நகரத்தின் மறுபாதியான இன்டிபென்டியன்டே, ஏற்கெனவே இறங்கிவிட்ட ராசிங்கை 2-0 வென்று சாம்பியனானது. அதே இன்டிபென்டியன்டேயை 2013இல் சராசரி இறக்கியது.

ஆக, ஒரு ஆண்டு சறுக்கினால் இந்த விதி குடை பிடிக்கும், மூன்று ஆண்டு சறுக்கினால் எந்தப் பெயரும் உதவாது. 1983இல் ரிவர் பெற்றதும் 2011இல் இழந்ததும் ஒரே விதியால். என் மனசு ரிவர் பக்கம். இருந்தாலும் 2011இல் விதி அநியாயம் செய்தது என்று என்னால் சொல்ல முடியாது. புதிதாக ஏறி வரும் சின்ன கிளப்புக்குத்தான் அது கடுமையானது, என் எதிர்ப்பெல்லாம் அதற்குத்தான்.

ரிவர் இறங்கிய அடுத்த மாதமே இரண்டு டிவிஷனையும் ஒன்றாக்கி 38 அணி லீக் நடத்தலாம் என்று ஒரு திட்டம் கிளம்பியது. எதிர்ப்பு வலுத்ததும் கைவிட்டார்கள். கைவிட்டதே நல்லது. ரிவர் தன் காலால் ஆடி ஏறியது. தோற்ற அணியின் நடுக்கள வீரர் மத்தியாஸ் அல்மெய்தா உடனே பயிற்சியாளர் பொறுப்பை ஏற்றார். கவெனாகி திரும்பி வந்தார், டொமிங்கெஸ் வந்தார், 2012இன் தொடக்கத்தில் டேவிட் ட்ரெஸெகே வந்தார். ஜூன் 23, 2012இல் அல்மிரான்டே பிரவுனை 2-0 வென்று பட்டத்தோடு மேலே ஏறினார்கள். இரண்டு கோலும் ட்ரெஸெகே.

விதியின் இன்றைய நிலை அடிக்கடி மாறுகிறது. ப்ரொமோசியோன் 2012க்குப் பிறகு போய்விட்டது. 2023இல் சராசரியில் ஒரு அணி, ஆண்டுப் பட்டியலில் ஒரு அணி என்று இறக்கினார்கள்: முதல் வகையில் ஆர்செனல் (அர்ஜென்டினா கிளப்தான், லண்டன் அணி இல்லை), இரண்டாவதில் கோலோன். கோலோன் புள்ளி சமமானதால் ஹிம்னாசியாவோடு தனி ஆட்டம் ஆடி 1-0 தோற்றது.

பதில் 4: லினியர்ஸ் வாசி

ஒருவர்கூட சாம்பியன்களைச் சொல்லவில்லையே! அபெர்துரா 2010: அலெஹாந்த்ரோ சபேயாவின் எஸ்துதியான்தெஸ், 45 புள்ளி. இரண்டு புள்ளி பின்னால் ரிக்கார்டோ கரேகாவின் வெலெஸ், 43. கிளவுசுரா 2011இல் வெலெஸே சாம்பியன், 39 புள்ளி. கூட்டினால் ஆண்டு முழுக்க 82. ரிவரின் 57க்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். சபேயா பிறகு அர்ஜென்டினாவை 2014 உலகக் கோப்பை இறுதிக்குக் கொண்டுபோனார், கரேகா பெருவை 2018 உலகக் கோப்பைக்குக் கொண்டுபோனார். இப்படி இரண்டு பயிற்சியாளர்கள் பட்டத்துக்கு மோதிய பருவம் இது.

பக்கக்கோடு, அப்படியே உராகான் கிளப்பின் கதையையும் படியுங்கள். 2009 கிளவுசுராவில் கப்பாவின் பயிற்சியில், பஸ்தோரே ஆடிய அந்த அழகான அணி, கடைசி நாளில் வெலெஸிடம் 1-0 தோற்று பட்டத்தை விட்டது. 2011இல் அதே உராகான் சராசரியில் ஹிம்னாசியாவோடு சமமாக நின்று, தனி ஆட்டத்தில் 2-0 தோற்று நேராக இறங்கியது. வென்ற ஹிம்னாசியாவும் ப்ரொமோசியோனில் சான் ஹுவான் நகரத்து சான் மார்ட்டினிடம் தோற்றுப் பின்னாலேயே போனது. ரிவரின் சத்தத்தில் இந்த இரண்டும் யாருக்கும் கேட்கவே இல்லை.