‘டெலிகடெஸன்’ என்ற சொல்லுக்குள் ‘உண்ணுதல்’ இருக்கிறதா?

சொல்தேடி:
நியூயார்க் நகரைப் பற்றிய கட்டுரைகளில் ‘டெலிகடெஸன்’, சுருக்கமாக ‘டெலி’ என்ற பெயர் அடிக்கடி கண்ணில் படுகிறது. ஜெர்மன் மொழியில் ‘எஸன்’ என்றால் உண்ணுதல் என்பதால், ‘சுவையாக உண்பது’ என்று பிரித்துப் பொருள் கொள்ளலாமா? அது உணவகமா, கடையா என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பழஞ்சொல்:
அப்படிப் பிரிக்க இயலாது, ஐயா. மென்மை, நயம் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லான ‘டெலிகதெஸ்’, ஜெர்மனுக்குப் போய் ‘டெலிகடெஸ்ஸ’ ஆகி, அரிய சுவையுள்ள பண்டத்தைக் குறித்தது. ஈற்றிலுள்ள ‘ன்’ நம்முடைய ‘கள்’ போன்ற பன்மை விகுதிதான். ‘எஸன்’ காதில் விழுவது தற்செயல். பண்டங்களின் பெயர் அமெரிக்காவில்தான் கடையின் பெயராக நிலைத்தது.

மிளகுத்தூள்:
கடையா உணவகமா என்றால், இரண்டும்தான். 19ஆம் நூற்றாண்டில் குடியேறிய ஜெர்மானியர்கள் தொத்திறைச்சி, ஊறுகாய் விற்ற கடைகளாக இவை தொடங்கின. 1880களுக்குப் பிறகு கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பெருந்திரளாக வந்து சேரவே, இறைச்சியையும் பாலையும் ஒன்றாக உண்ணக்கூடாது என்ற கோஷர் (யூத சமய உணவு நெறி) விதி கடைகளையே இரண்டாகப் பிரித்துவிட்டது: இறைச்சிக்கு டெலி, புகையூட்டிய மீனுக்கும் பாலாடைக்கட்டிக்கும் ‘அப்பெடைசிங்’ எனப்படும் வேறு கடை. 1914இல் தொடங்கிய ‘ரஸ் அண்ட் டாட்டர்ஸ்’ இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

டெலியின் பெருமை பாஸ்ட்ராமி. மாட்டிறைச்சியை உப்புநீரில் பல நாள் ஊறவைத்து, கொத்துமல்லி விதையும் மிளகும் அப்பி, புகையூட்டி, பிறகு ஆவியில் வேகவைத்து, கடுகுச் சாந்து தடவிய கம்பு ரொட்டிக்கு நடுவே அடுக்கடுக்காக வைப்பார்கள். (இந்தக் கம்பு நம் ஊர்க் கம்பன்று, ‘ரை’ என்னும் குளிர்நாட்டுத் தானியம்.) பெயர் ருமேனிய மொழி வழியாக வந்தது, அதற்கும் முன்னோடி துருக்கியின் ‘பாஸ்தர்மா’.

பழஞ்சொல்:
ஒரு திருத்தம் சேர்க்கிறேன். 1888இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் புகழ்பெற்ற ‘காட்ஸ்’ கடையில் இறைச்சியோடு சீஸும் சேர்ந்த ‘ரூபன்’ சாண்ட்விச் கிடைக்கிறது. எனவே அது யூத மரபில் வந்த கடையே தவிர, கோஷர் கடையன்று. அது இருக்கும் தெருவை ‘ஹூஸ்டன்’ என்று வாசித்துவிடாதீர்கள். அவ்வூரார் ‘ஹௌஸ்டன்’ என்பார்கள். நுழையும்போது கையில் ஒரு சீட்டு தருவார்கள். வாங்கியதை அதில் குறித்து, வெளியேறும்போது கணக்குப் பார்ப்பார்கள். எதுவும் வாங்காவிட்டாலும் அந்தச் சீட்டைத் திருப்பித் தந்தாக வேண்டும்.