கலைச்சொல்: டிரஸ்டட் கீ, சீல், ராப் (wrap) – "நம்பகச் சாவி" வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம்.

லினக்ஸின் மைய நிரலான கெர்னலில் வேண்டிய வசதிகளைத் தேர்ந்தெடுக்கும் அமைப்புப் பட்டியலின் தமிழாக்க வரைவில் டிரஸ்டட் கீ "நம்பகச் சாவி" ஆகியிருக்கிறது, சீல் "முத்திரையிடு" ஆகியிருக்கிறது. இரண்டையும் மாற்றலாம் என்கிறேன். (சாவியா திறவுகோலா என்ற பழைய வழக்கை மறுபடி எடுக்க வேண்டாம். சாவி என்றே எழுதுகிறேன்.)

முதலில் பொருள். 2011-இல் 2.6.38 பதிப்போடு வந்த வசதி இது. 32 முதல் 128 பைட் வரையுள்ள ஒரு சாவியைக் கெர்னல் தனக்குள் வைத்துக்கொண்டு, டி.பி.எம் என்ற பாதுகாப்புச் சில்லைக் கொண்டு அதை மறையாக்குகிறது (என்கிரிப்ட் செய்கிறது). இதுதான் சீல்; திரும்பத் திறப்பது அன்சீல். சாவிகளைக் கையாளும் கீசிடிஎல் கட்டளையில் அந்தச் சாவியைக் கேட்டுப் பாருங்கள்: திரையில் வந்து விழுவது நீண்ட பதினறும எண் சரம்தான், சாவி அல்ல. அந்தச் சரத்தைக் கோப்பில் வைத்திருந்து, கணினியை அடுத்த முறை இயக்கும்போது திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். கோப்பைத் திருடி வேறு கணினியில் ஏற்றினால் திறக்காது. அதைத் திறக்க வல்லது முதல் கணினியின் சில்லு மட்டுமே.

ஆக, நாம் நம்புவது சில்லைத்தான். சாவியை யாரும் நம்பவும் இல்லை, சான்றளிக்கவும் இல்லை. இதைவிடப் பெரிய சிக்கல், இதே பட்டியலில் இன்னொரு "டிரஸ்டட்" இருப்பது. கெர்னல் தொகுதிகளின் கையொப்பத்தைச் சரிபார்க்க, நம்பத்தக்க சான்றிதழ்களைச் சேர்த்து வைக்கும் சாவிக்கொத்து அது. "நம்பக" என்ற அடை அங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. இரண்டு இடத்திலும் அதையே போட்டால் ஒன்றின் உதவிக் குறிப்பைப் படித்துவிட்டு மற்றதை இயக்குவார்கள்.

> சீல் என்றால் முத்திரைதானே? எல்லோருக்கும் தெரிந்த சொல்லை ஏன் விட வேண்டும்?

அன்சீல் தோற்றால் வரும் பிழைச்செய்தியை யோசியுங்கள். "முத்திரையை உடைக்க முடியவில்லை" என்றால் படிப்பவர் என்ன நினைப்பார்? தமிழில் முத்திரை உடைவது என்றாலே யாரோ கைவைத்துவிட்டார்கள் என்றுதான் பொருள். இங்கே நடந்தது ஒரு பயாஸ் புதுப்பிப்பாக இருக்கலாம். கணினி எந்த நிரல்களோடு தொடங்கியது என்று டி.பி.எம் பதிந்துவைக்கும் பி.சி.ஆர் மதிப்புகளோடு சாவியைப் பிணைத்திருந்தால், பயாஸ் போன்ற நிலைபொருள் மாறியதும் மதிப்பும் மாறும். சில்லு திறக்க மறுக்கும். எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது, செய்தியோ திருட்டுப்போன மாதிரி ஒலிக்கிறது.

> அப்படியானால் நிலைப்பூட்டு? கணினியின் நிலை மாறினால் திறக்காது என்பது சொல்லிலேயே வந்துவிடும்.

அழகான சொல், எனக்கும் ஆசைதான். ஆனால் நிலையோடு பிணைப்பது டி.பி.எம்-இலேயே விருப்பத் தேர்வு, கட்டாயம் இல்லை. டி.பி.எம்-க்கு மாற்றாக வேறு பின்புலங்களும் உண்டு: கெர்னலின் 5.13 பதிப்பில் டி.இ.இ வந்தது, 5.19-இல் சி.ஏ.ஏ.எம், 6.10-இல் டி.சி.பி. இவை சாவியைப் பிணைப்பது சில்லுக்கே உரிய இரகசியச் சாவியோடு, பி.சி.ஆர் என்ற பேச்சே அங்கில்லை. டி.பி.எம்-க்கு மட்டும் பொருந்தும் சொல்லை எல்லாவற்றுக்கும் போர்த்த முடியாது. "அடைகாப்பு" என்று ஒருவர் எழுதியிருந்தார். முட்டை பொரிந்ததும் சொல்லுங்கள்.

என் பரிந்துரை: வன்பூட்டு. வன்பொருளிலிருந்து வன், பூட்டு பழகிய சொல். டிரஸ்டட் கீ வன்பூட்டுச் சாவி ஆகும். சீல் செய்வது வன்பூட்டிடுதல், அன்சீல் வன்பூட்டுத் திறத்தல். எந்தப் பின்புலத்தையும் தேர்ந்தெடுக்காமல் விட்டால் பட்டியலில் ஓர் எச்சரிக்கை வரி வருமே, அதுவும் "பூட்டும் வன்பொருள் எதுவும் தேர்வாகவில்லை!" என்று பளிச்சென்று புரியும். அந்த வரியில் உள்ள டிரஸ்ட் சோர்ஸை "நம்பக மூலம்" என்று எழுதினால் செய்தித்தாள் வாசகம் போல இருக்கிறது.

> ஹார்ட் லாக்கப்பும் வன்பூட்டு ஆகிவிடாதா?

நியாயமான கேள்வி. ஆனால் அங்கே எதுவும் பூட்டப்படுவதில்லை, செயலி குறுக்கீட்டுக்குக்கூடப் பதில் தராமல் நின்றுவிடுகிறது. அதற்கு வன்முடக்கம் என்று வைப்போம். சுழல்பூட்டு (ஸ்பின்லாக்) போன்ற லாக் வகைகள் இருந்தபடியே இருக்கட்டும்.

ராப் என்பதைத் தனியாக வைக்க வேண்டும். 6.15-இல் சேமிப்பக அடுக்குக்கு வந்த ஹார்ட்வேர்-ராப்டு கீயில் பாதுகாப்பு இன்னொரு படி மேலே. வன்பூட்டுச் சாவியின் வெற்று வடிவம் பயனர் நிரல்களுக்குத் தெரியாது, கெர்னலுக்குத் தெரியும். இந்த வகையிலோ, பயன்பாட்டில் இருக்கும்போது வெற்றுச் சாவி கெர்னலின் நினைவகத்தில்கூடக் கிடக்காது. வன்பொருளே அவிழ்த்து வன்பொருளே பயன்படுத்தும். இதற்குப் பொதிசாவி. ராப் பொதி, அன்ராப் பொதியவிழ். கீசிடிஎல் தரும் அந்த நீண்ட சரத்துக்கு, அதாவது பிளாப்புக்கு, சாவிப்பொதி.

மிச்சம் இருப்பது என்கிரிப்டட் கீ, அதாவது தலைமைச் சாவி என்ற இன்னொரு சாவியால் கெர்னல் மறையாக்கித் தரும் சாவி. என்கிரிப்ஷன் கீயை "மறையாக்கச் சாவி" என்கிறோம், இதை "மறையாக்கப்பட்ட சாவி" என்று வரைவு சொல்கிறது. வேகமாகப் படிக்கும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மறைசாவி என்று சுருக்கலாம். ஆனால் இதற்கு வன்பொருளே வேண்டியதில்லை: தலைமைச் சாவியாக வன்பூட்டுச் சாவியையும் வைக்கலாம், பயனர் சும்மா ஏற்றிய சாதாரணச் சாவியையும் வைக்கலாம். இரண்டாவது வழியில் பாதுகாப்பு அந்தச் சாதாரணச் சாவியின் அளவுக்குத்தான். சொல் எதுவானாலும் இந்த வரி உதவிக் குறிப்பில் கட்டாயம் வேண்டும். இப்போதைய வரைவில் விட்டுப்போயிருக்கிறது.

மறைசாவிக்கு மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். மற்ற வரிகளை வன்பூட்டு, பொதி என்று மாற்றி அனுப்புகிறேன்.