‘அசால்ட்’ என்றால் அடித்தது என்றே பொருளா?

கேள்வி:
வணக்கம். ஆங்கிலத் தீர்ப்பு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். அதில் குற்றம்சாட்டப்பட்டவர் கையை ஓங்கினாரே தவிர யாரையும் தொடவில்லை; ஆயினும் அவர் செய்தது ‘அசால்ட்’ என்றே முடிவாகியிருக்கிறது. இதைத் ‘தாக்குதல்’ என எழுதலாமா?

மறுமொழி 1:
அடி விழுந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. இந்திய தண்டனைச் சட்டத்தின் 351ஆம் பிரிவும், அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 130ஆம் பிரிவும் சொல்வது ஒன்றுதான்: தம்மீது கைவைக்கப் போகிறார்கள் என்று எதிரிலிருப்பவர் அஞ்சக்கூடும் எனத் தெரிந்தே செய்யும் சைகையோ ஆயத்தமோ போதும். முஷ்டியை ஆட்டிக் காட்டுவதையும், கடிநாயின் வாய்ப்பூட்டை அவிழ்க்கத் தொடங்குவதையும் சட்டமே எடுத்துக்காட்டாகத் தருகிறது. நாய் பாய்ந்து கடித்துவிட்டால் வழக்கு வேறு பிரிவுக்குப் போய்விடும். எனவே உங்கள் தீர்ப்பில் ‘தாக்க முனைதல்’ என்பதே பொருந்தும்.

மறுமொழி 2:
வெறும் பேச்சு மட்டும் இக்குற்றமாகாது என்பதையும் அதே பிரிவின் விளக்கம் கூறுகிறது. ஆனால், தடியை எடுத்துக்கொண்டு ‘உன்னை அடிப்பேன்’ என்றால், அந்தச் சொல் செய்கைக்குப் பொருள் கொடுத்துவிடுகிறது. சொல் செய்கையின் பொருளை மாற்றிக் குற்றத்தை இல்லாமலாக்கியதும் உண்டு. 1669இல் இங்கிலாந்தில் ஒருவர் வாளின்மேல் கையை வைத்தபடியே, நீதிபதிகள் ஊருக்கு வந்திருக்கும் காலமாக இல்லாவிட்டால் உன் பேச்சைப் பொறுத்திருக்க மாட்டேன் என்றார். இப்போது ஒன்றும் செய்யமாட்டேன் என்பதுதானே அதன் பொருள் என்று கொண்டு, அது ‘அசால்ட்’ ஆகாது எனத் தீர்ப்பாயிற்று. 1997இலோ, தொலைபேசியில் அழைத்துவிட்டுப் பேசாமலிருப்பதும் இக்குற்றமாகலாம் என்று அப்போது அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை கூறியது. (நம் பேச்சுவழக்கில் ‘அசால்ட்டாக முடித்துவிட்டான்’ என்பதற்கும் இதற்கும் தொடர்பு தேட வேண்டாம்!)

மறுமொழி 3:
முதல் மறுமொழியோடு உடன்படுகிறேன். ஆனால், எல்லாச் சட்டத்துக்கும் ‘தாக்க முனைதல்’ என்று போட்டுவிடாதீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 7ஆம் பிரிவில், ‘செக்ஸுவல் அசால்ட்’ என்பதற்கு உடல் தொடர்பு வேண்டும் என்கிறது. அத்தொடர்பு தோலோடு தோல் படுவதாக இருக்க வேண்டியதில்லை என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அங்கே ‘பாலியல் தாக்குதல்’ என்பதே சரி. உங்கள் தீர்ப்பு எந்தச் சட்டத்தின்கீழ் வந்தது என்பதை முதல் பக்கத்திலேயே பார்த்துவிட்டு எழுதுங்கள்.