கல்லுக்குள்ள ஊதா ஸ்படிகம் எப்படி வந்துச்சு? வைகையில தேடினா கிடைக்குமா?

செல்லூரான்:
பொருட்காட்சிக் கடையில வாங்குன பாதிக் கல் ஒண்ணு, 1 கிலோ 400 கிராம். வெளித்தோல் கரும்பழுப்பு, சொரசொரப்பு. அதை ஒட்டி உள்பக்கம் நகக்கனத்துக்கு ஒரு பச்சைப் படலம். பிறகு சாம்பலும் வெள்ளையுமா கோடு கோடா ஒரு விரற்கடை. அப்புறம் வெள்ளை ஸ்படிகம், நுனி மட்டும் ஊதா. நடுவுல வெறும் குழி. ஒரு ஊதா நுனி மேல தேன் நிறத்துல ஒரு சின்னக் கட்டி உட்கார்ந்திருக்கு.

எரிமலைப் பாறையில விளையுறதுன்னு கடைக்காரர் சொன்னார். சுத்தி அடைபட்ட கல்லுக்குள்ள இது எப்படிப் போச்சு? ஏன் இந்த வரிசை? நம்ம மதுரைப் பக்கத்து யானைமலை, நாகமலை, வைகை மணல்னு தேடினா கிடைக்குமா? வெட்டு முகம் மங்கலா இருக்கு, பாலிஷ் போட வழியும் சொல்லுங்க.

கல்தச்சன்:
தம்பி, மரத்தோட வளையம் உள்ளேருந்து வெளியே வளரும். இந்தக் கல் அதுக்கு நேர் எதிர்: வெளியேருந்து உள்ளே. நீங்க வெளித்தோல்லேருந்து நடுக்குழி வரைக்கும் எழுதின வரிசையேதான் அது உருவான வரிசை.

பசால்ட்ங்கிற கரும்பாறையா இறுகப்போற எரிமலைக்குழம்பு சுமார் 1100 டிகிரியில மேலே வருது. ஆழத்துல அழுத்தத்தால அடங்கிக் கிடந்த நீராவியும் கரியமிலவாயுவும், அழுத்தம் விட்டதும் குமிழியா பிரியும். ஆப்பத்துல ஓட்டை விழுதே, அதே கதைதான். மேல் ஏடு இறுகினா குமிழி தப்ப வழியில்லை, அங்கேயே குழியா நின்னுடும். குழம்பு ஓடிக்கிட்டே ஆறுனா குழி பாதாம்பருப்பு மாதிரி நீளும்.

குழிக்குள்ள வந்ததெல்லாம் பாறை ஆறின பிறகு, தண்ணி வழியா வந்தது. பசால்ட்ல இருக்கிற எரிமலைக் கண்ணாடி, அதாவது சட்டுனு ஆறினதால ஸ்படிகமாகாத பகுதி, நிலைச்சு நிக்காது. நிலத்தடி நீர் பட்டுச் சிதைஞ்சு சிலிக்காவை விடும், குவார்ட்ஸ் கல்லுக்கு மூலப்பொருளே அதுதான். நுண்விரிசலும் பாறையோட சொந்தத் துளைகளும்தான் பாதை. கண்ணுக்கு அடைபட்டதாத் தெரியும், தண்ணிக்கு அப்படியில்லை.

முதல்ல படிஞ்ச பச்சை பெரும்பாலும் செலடோனைட், இரும்பு உள்ள, களிமண் மாதிரி மெத்துன்னு இருக்கிற மைக்கா வகை. அடுத்து கோடு கோடா அகேட். அது தனிக் கனிமம் இல்லை, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய குவார்ட்ஸ் நார்கள் நெருக்கமா நின்ன கால்செடோனி. அப்புறம் பெருஸ்படிகம், நுனியில செவ்வந்திக்கல்னு சொல்ற ஊதாக் குவார்ட்ஸ். கடைசியா வந்து உட்கார்ந்த தேன்நிறக் கட்டி கால்சைட்டா, அதாவது சுண்ணாம்புக் கனிமமா இருக்க வாய்ப்பு அதிகம். எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டு லென்ஸ் வழியா பாருங்க, மெதுவா நுரைச்சா அதேதான். பார்த்ததும் கழுவிடுங்க, சாறு அதை அரிச்சுடும்.

நார் முதல்ல, பெருஸ்படிகம் பின்னால ஏன்? சீனிப்பாகை நினைச்சுக்கோங்க. பாகு முத்தி, கிண்டிவிட்டா ஒரே நேரத்துல ஆயிரம் இடத்துல பூத்துப் பொடிப்பொடியா போகும். அசையாம நாள்கணக்கா வச்சா நூலைப் பிடிச்சு ஒவ்வொண்ணா கற்கண்டு கட்டும். சிலிக்கா மிதமிஞ்சி இருக்கும்போது நார், குறைஞ்சு வேகம் தணிஞ்சதும் ஸ்படிகம்.

பாகுபதம்:
கல்தச்சன் அண்ணே சொன்னதுல ஒரு இடத்தைக் கொஞ்சம் விரிக்கலாம். "தண்ணி வழியா வந்தது" என்றால் குழி ஒரு தடவை நிரம்பி, அது வற்றி, கல் ஆயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு இடம் கொடுக்காது.

25 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் படிகமாகாத சிலிக்காவைச் சுமார் 120 மில்லிகிராம்தான் கரைத்து வைத்துக்கொள்ளும். குவார்ட்ஸ் படிந்த பிறகும் 10 மில்லிகிராம் போல நீரிலேயே தங்கும். ஆக லிட்டருக்கு 110 மில்லிகிராம். ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள குழி முழுக்கக் குவார்ட்ஸ் ஆக 2650 கிராம் வேண்டும். வகுத்தால் 24,000 தடவை நிரம்ப வேண்டும்! அத்தனை முறை யாரும் ஊற்றி இறைக்கவில்லை. குழியில் நீர் ஏறக்குறைய தேங்கியே நிற்க, சுற்றுப்பாறையில் கரையும் சிலிக்கா செறிவு குறைந்த குழியை நோக்கி நீருக்குள்ளேயே ஊர்ந்து வருவதுதான் பெரும்பங்கு. வெப்பமும் பலர் நினைக்கும் அளவு இல்லை. பிரேசிலின் தென்கோடி மாநிலத்தில் உள்ள அமெதிஸ்டா தோ சுல் ஊர்ச் சுரங்கக் கற்களில் பல 100 டிகிரிக்கும் கீழே வளர்ந்தவை.

குழி முழுக்க ஜெல்லி நிரம்பி, அது இறுகி அகேட் ஆனது என்ற பழைய கருத்தும் உண்டு. ஜெல்லி காய்ந்தால் சுருங்கி வெடிக்கும், நடுவில் ஊதா ஸ்படிகம் வளர இடமும் இருக்காது. ஆனால் கோடுகள் ஏன் இவ்வளவு ஒழுங்காக மாறிமாறி வருகின்றன என்பதில் ஆய்வாளர்களுக்குள் சண்டை ஓயவில்லை.

உங்கள் கல்லில் ஒன்றைக் கவனியுங்கள். சுவரைப் பின்பற்றி வளையாமல், ஒரு பக்கம் மட்டும் தட்டையாக, அடுக்கி வைத்த காகிதம் போலக் கோடுகள் இருக்கின்றனவா? இருந்தால் அது கனத்தால் அடியில் படிந்த படலம். அந்தப் பக்கம்தான் அன்றைக்குத் தரை. கல்லை அப்படித் திருப்பி வைத்தால் பாறைக்குள் எப்படி இருந்ததோ அப்படி நிற்கும்.

செல்லூரான்:
தட்டையா இருக்கு, ஒரு மூலையில ஏழெட்டுக் கோடு! இவ்வளவு நாளும் தலைகீழா வச்சிருந்தேன். நுனிக்கு மட்டும் ஊதா எதனால?

பாகுபதம்:
ஊதாவுக்கு இரண்டு வேண்டும்: இரும்பும் கதிரியக்கமும். சிலிக்கான் இருக்க வேண்டிய இடத்தில் மிகச் சிறிதளவு இரும்பு அணு மாற்றி உட்காருகிறது, பத்து லட்சத்துக்குச் சில பத்து என்ற அளவில். அப்போது கல்லுக்கு நிறமே இல்லை. சுற்றியுள்ள பாறையின் பொட்டாசியம்-40 லட்சக்கணக்கான ஆண்டுகள் காமாக் கதிர் வீசி, அந்த இரும்பிலிருந்து ஓர் எலக்ட்ரானைத் தட்டிவிடுகிறது. அதற்குப் பிறகுதான் ஊதா. அடியில் உள்ள வெள்ளைப் பகுதி வளர்ந்தபோது இரும்பு சரியாகச் சேரவில்லை, நுனி வளர்ந்த காலத்தில் சேர்ந்தது.

இந்த நிறம் 400–500 டிகிரியில் சூடாக்கினால் மஞ்சள், ஆரஞ்சு ஆகிவிடும். அடி சுண்ணாம்பு வெள்ளை, நுனி கருகின ஆரஞ்சு என்று 'சிட்ரின்' (மஞ்சள் குவார்ட்ஸ்) விற்றால் அது அடுப்பில் வெந்த செவ்வந்திக்கல். தெற்கு ஜன்னலில் நாள்முழுக்க வெயில் படும்படி வைத்தாலும் சில கற்கள் வருஷக்கணக்கில் வெளிறும். மதுரை வெயிலைச் சொல்லவே வேண்டாம்.

கல்தச்சன்:
ஊர்ல தேடுற விஷயத்துக்கு வர்றேன். யானைமலை, நாகமலை எதுவுமே தரைக்கு மேல ஓடி ஆறின எரிமலைக்குழம்பு இல்லை. மதுரை வட்டாரத்துப் பாறை சார்னோகைட், நைஸ் வகை. பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்துல, சுமார் 55 கோடி வருஷத்துக்கு முன்ன சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்தது. அந்த அழுத்தத்துல வாயு பிரிஞ்சு குமிழி கட்டாது. குழி இல்லாட்டி அகேட்டுக்கு வீடு இல்லை. வைகையும் வருசநாட்டு மலைப்பக்கம் அதே பழைய பாறையிலதான் பிறக்குது. ஆத்துல வெள்ளையா கிடைக்கிறது வெங்கச்சங்கல், அதுவும் குவார்ட்ஸ்தான், ஆனா கோடு இருக்காது. கரூர், காங்கேயம் பக்கம் செவ்வந்திக்கல் கிடைக்கும். அங்க எரிமலைக்குமிழி கிடையாது, வேற வழியில வந்தது.

குமிழிப் பாறை வேணும்னா தக்காண எரிமலைப் பாறைக்குப் போகணும், சுமார் 6.6 கோடி வருஷப் பழசு. தெற்கே பெலகாவிப் பக்கத்தோட அது முடிஞ்சிரும். ஜல்காவ், புனேப் பக்கக் கல்குவாரியில ஜியோலைட்டோட (குமிழிக் குழியில விளையுற இன்னொரு கனிம வகை) சேர்ந்து நல்லாவே வரும். கீழடியில கிடைச்ச அகேட், சூதுபவள (செந்நிறக் கால்செடோனி) மணிக்கும் கச்சாக்கல் குஜராத் பக்கமிருந்து வந்திருக்கணும்னு சொல்றது இதனாலதான்.

மேலூர்ப்பட்டறை:
பாலிஷ் விஷயம். கிரானைட்டுக்குப் போடுற ஈர டைமண்ட் பேடே போதும், நம்பர் கூடக்கூட நைசு: 50, 100, 200, 400, 800, 1500, 3000. உங்க கல் ஏற்கனவே வெட்டினது, 200ல ஆரம்பிச்சாப் போதும். கடைசியில ஃபெல்ட் சக்கரத்துல சீரியம் ஆக்சைடு பாலிஷ் பொடியைத் தண்ணியில குழைச்சு 5 நிமிஷம்.

கெட்டுப்போற இடம் மூணு. நம்பரைத் தாண்டிப் போனா 400ன் கீறல் 3000லயும் பளிச்சுனு தெரியும். ஒவ்வொரு நம்பருக்கும் கல்லைக் காயவச்சு, டார்ச்சைச் சாய்வா அடிச்சுப் பார்த்துட்டுத்தான் அடுத்தது. சாதாரண கிரைண்டர் நிமிஷத்துக்கு 11,000 சுத்து, அது ஆகாது. வேகம் குறைக்கிற, தண்ணிக்குழாய் பொருத்தின பாலிஷர் வேணும், கரண்டு ஒழுகினா அறுக்கிற ஆர்சிடி கட்டாயம். தண்ணி நின்னா கல் சூடேறி அகேட் கோட்டோட பிளந்துக்கும். அதோட சிலிக்கா தூசி நுரையீரலுக்கு எமன், காய்ஞ்ச அறவை ஒருநாளும் கூடாது. குழி விளிம்புல இருக்கிற ஊதா நுனியில பேட் தட்டினா உடைஞ்சுடும். குழிக்குள்ள மெழுகை உருக்கி ஊத்தி நிரப்பிட்டு அரைங்க, அப்புறம் வெந்நீரில எடுத்துக்கலாம். கல்லையும் தண்ணியையும் ஒண்ணாவே சூடேத்தணும், குளிர்ந்த கல்லைக் கொதிநீரில போடக் கூடாது.

துருக்கறை போக ஆக்ஸாலிக் ஆசிட்ல ஊறவைன்னு யாராவது சொல்வாங்க. உங்க கல்லுக்கு வேண்டாம். கால்சைட் மேல வெள்ளைப் பூச்சு படிஞ்சு போகாது.

செல்லூரான்:
கடைசிச் சந்தேகம். அதே கடையில ரோஸ், கடும் நீல அகேட் தட்டும் இருந்துச்சு. நிஜமா?

மேலூர்ப்பட்டறை:
கல் நிஜம், கலர் பொய். கால்செடோனியில துளை உள்ள கோடு சாயத்தை உறிஞ்சும், இறுக்கமான வெள்ளைக் கோடு உறிஞ்சாது. அதனாலதான் டிசைன் இயற்கை மாதிரி தெரியுது. விரிசல் ஓரத்துல கலர் கூடுதலாத் தேங்கியிருக்கான்னு லென்ஸ்ல பாருங்க. ரோஸ்னா பஞ்சுல அசிட்டோன் தொட்டுத் தேய்ச்சா சில சமயம் ஒட்டிக்கிட்டு வரும். நீலம் பல நேரம் கல்லுக்குள்ளேயே ரெண்டு இரும்பு உப்பு வினைப்பட்டு உண்டானது, அது அசிட்டோனுக்கு அசையாது. கறுப்புக்குச் சீனிக்கரைசல்ல ஊறப்போட்டுக் கந்தக அமிலத்துல கருக்குவாங்க. விலையைக் குறைச்சுக் கேளுங்க, அவ்வளவுதான்.